பட்டைக்குள் தொப்புள்

குழந்தை வீரிட்டு அழுததும் தையல் மெஷினின் சக்கரம் நின்றது.

"பசிதாங்க. நீங்க தைங்க" என்றாள் மனைவி. குடித்த பால் அப்படியே அவள் தோளில் திரும்பி வந்தது. அடுத்து வந்தது பச்சையாக இருந்தது.

ஆறு மாதக் குழந்தை. வயிற்றைச் சுற்றித் தையற்காரர் தன் கையால் தைத்த எலாஸ்டிக் பட்டை. தொப்புளை அமுக்க நடுவில் ஒரு கோட்டு பட்டன். தொப்புள்கொடி நுழைந்த துளை, பிறந்தபின் சுருக்குப் பையின் வாய் போலத் தானே இறுகி மூடவேண்டும். இவளுக்கு இன்னும் மூடவில்லை. அழுதால் குடலின் ஒரு மடிப்பு அதன் வழியே எட்டிப் பார்க்கும். தூங்கினால் உள்ளே போய்விடும். பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் தையற்காரருக்குக் கை சும்மா இருக்குமா?

"பட்டையக் கழட்டுங்க."

"கழட்டினா இன்னும் வெளிய வரும்டி."

"கழட்டுங்கன்னா!"

கொக்கி மாட்டிக்கொண்டது. கத்தரியால் வெட்டினார். தொப்புள் கன்றிச் சிவந்து புடைத்திருந்தது. விரல் வைத்தார், கல். எப்போதும் 'குளுக்'கென்று உள்ளே போவது இன்று அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் மறுபடி பால் கொடுக்கப் போக, நர்ஸ் தடுத்தாள். "வேணாம்மா. ஆபரேஷன் தேவைப்படலாம்."

"குடல் துளையில மாட்டிக்கிச்சு" என்றார் டாக்டர். "மாட்டினா வீங்கும். வீங்கினா துளை இன்னும் இறுக்கும். ரத்தம் போகலைன்னா அந்தக் குடல் செத்துடும். எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

காலையில் குளிப்பாட்டியபோது நன்றாகத்தான் இருந்தது. அதன்பின் பட்டைக்குள் நடந்ததை யார் கண்டார்கள்?

"தோல் கறுக்கலை. கையாலயே உள்ள தள்ள முயற்சி பண்றேன்."

மயக்க மருந்தில் குழந்தை துவண்டது. டாக்டரின் விரல்கள் மெல்ல, விடாமல் அமுக்கின.

குளுக்.

"போயிடுச்சு. ஆனா அடிபட்ட குடல், கண்காணிக்கணும். வீக்கம் வடிஞ்சதும் துளையத் தைச்சிடலாம்."

"எத்தனை தையல் டாக்டர்?"

"நீங்க அளவு எடுக்க வேணாம்" என்றாள் மனைவி, அழுகையினூடே.

வார்டில் குளிராக இருந்தது. அவள் போர்வையை வயிற்றின் மேல் இழுத்தாள்.

"கால வேணா போத்து" என்றார் அவர். "அத மூடாத. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."