எண்பது மைக்ரான்

கம்பெனியில் அவளுக்குக் ‘கணக்கு’ என்றே பேர். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் செய்யும் சின்ன இடம். இரண்டு தகடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். அந்தப் படலத்தை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது பதினோரு வருஷமாக அவள் வேலை.

அன்று காலை பத்தரைக்கு, புதிதாக வந்த சுருளில் ஒரு துண்டு வெட்டி மைக்ரோமீட்டரில் வைத்தாள். நூறு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இருக்க வேண்டும். எண்பது காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். எண்பதேதான். சந்தேகம் வந்து, போன மாதச் சுருளின் மிச்சத்தையும் எடுத்து அளந்தாள். அதுவும் எண்பது.

போன மாதச் சுருள் அவள் காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில் வந்தது. அதில் செய்த நாற்பது கெபாசிட்டரும் குடிநீர் நிலையத்துக்குப் போய், தண்ணீரைச் சுத்தம் செய்யும் மிஷினில் ஏறிவிட்டன. அந்த மிஷினை ஓட்டுகிறவன் அவள் தம்பி.

சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். படலம் மெலிந்தால் மின்தேக்குத்திறன் கூடும்: ஐந்து புள்ளி மூன்று நானோஃபாரட் இருக்க வேண்டியது ஆறு புள்ளி ஆறு. ஆனால் தாங்கும் வோல்ட் குறையும். அந்தப் படலம் மில்லிமீட்டருக்கு அறுபதாயிரம் வோல்ட் தாங்கும். நூறு மைக்ரானுக்கு ஆறாயிரம், எண்பதுக்கு நாலாயிரத்து எண்ணூறு. மிஷின் ஐயாயிரம் வரை போகும்.

சீட்டோடு மேனேஜரிடம் ஓடினாள்.

“கெபாசிட்டரை மீட்டர்ல வெச்சப்போ கூடுதலாத்தானேம்மா காட்டுச்சு? நான்தான் பார்த்து அனுப்பினேன். கேட்டதுக்கு மேலயே குடுத்திருக்கோம்.”

“கூடுதலா காட்டினதுதான் சார் தப்பு. படலம் மெலிசா இருக்கு. ஐயாயிரம் ஏத்தினா கரண்ட் துளைச்சிட்டுப் போயிடும், வெடிச்சிடும்.”

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளிறியது. “முதலாளி விமானத்துல இருக்காரு. அவரைக் கேக்காம, ஏத்த வேணாம்னு நான் எப்படி எழுதிக் குடுக்கிறது? இறங்கட்டும்மா.”

வெளியே வந்து தம்பிக்குப் போன் அடித்தாள். நாலாவது தடவை எடுத்தான்.

“இப்ப எவ்வளவுல ஓடுதுடா?”

“நாலாயிரத்து ஐநூறு. ஏன்க்கா மூச்சு வாங்குற?”

சொன்னாள்.

“வெயிலுக்குத் தண்ணி செலவு ஜாஸ்தி. பன்னெண்டு மணிக்கு ஐயாயிரத்துக்கு ஏத்தச் சொல்லியிருக்காங்க.”

“ஏத்தாதே.”

“நான் ஏத்தலேன்னா பக்கத்துல இருக்கிறவன் ஏத்துவான்க்கா. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிப் பார்க்கிறேன். உங்க கம்பெனிலேருந்து ஒரு வரி எழுத்துல வாங்கி அனுப்பு, போதும்.”

அந்த ஒரு வரிதான் கிடைக்கவில்லை. மேனேஜர் போனைக் காதில் வைத்தபடி கதவுக்கும் மேசைக்கும் நடந்தார். நிலையத்து ஆபீசுக்கு அவளே பேசினாள். “நீங்க யாரும்மா? கம்பெனி லெட்டர் இருக்கா?” என்று கேட்டு, வேறு ஒருவருக்கு மாற்றினார்கள். அவர் இன்னொருவருக்கு மாற்றினார். அவர் சாப்பிடப் போயிருந்தார்.

ஆட்டோ பிடித்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி ஓடினாள். செருப்பு ஒன்று அறுந்தது. நிலையத்தின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே கால். உள்ளே கெபாசிட்டர் வெடித்திருந்தது. ஆட்கள் வெளியே ஓடி வந்துகொண்டிருந்தார்கள். தம்பியைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர், “சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சினான்மா, கேக்கல. மத்தவங்களை மிஷின் ரூமை விட்டு அனுப்பிட்டு இவனே ஏத்தினான்,” என்றார்.

தம்பி பிழைத்தான். வலது கையில் இரண்டு விரல் போனது. அந்தப் பக்கத்துக் காது கேட்காது என்று டாக்டர் சொன்னார். மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்து, தலை நிமிராமல் நின்றுவிட்டுப் போனார். மூன்று மணிக்கு முதலாளியின் அனுமதி வந்ததாம்.

வராந்தா பெஞ்சில் தம்பி மனைவி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே?”

“தெரியும்மா.”

“எத்தனை மணிக்கு?”

“பத்தரைக்கு.”

ஒன்றேமுக்கால் மணி நேரம். என்னென்ன செய்தாள் என்று சொல்ல வாயெடுத்தாள். போன், ஆபீஸ், கேட், எல்லாம் தொண்டைவரை வந்தன. எதைச் சொன்னாலும் சாக்காகத்தான் கேட்கும் என்று பட்டது. தம்பி மனைவி அழவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.