இரண்டாம் எண் பட்டன்

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இரண்டு சேனல்களில் இரண்டு மல்யுத்த நிகழ்ச்சிகள். ஒன்று ‘மகா மோதல்’, இன்னொன்று ‘களம்’. ஒன்றை ஒன்று ஒழித்துக்கட்டவே ஒரே நேரத்தில் வைத்திருந்தார்கள். அவன் மகா மோதல் கட்சி. அவன் மனைவி களம் கட்சி. வீட்டில் டிவி ஒன்றுதான். ஒரு வாரம் அவனுக்கு, மறு வாரம் அவளுக்கு என்று கல்யாணமான மூன்றாவது வாரமே உடன்படிக்கை ஆயிற்று.

மகா மோதலில் வெளிச்சம் அதிகம், புகை அதிகம், பேச்சு அதைவிட அதிகம். அதில் இடிராஜா என்று ஒருவன். அவனுக்கு ஒரு தம்பி. அந்தத் தம்பி அண்ணனுக்கு நான்கு முறை துரோகம் செய்திருக்கிறான். நான்கு முறையும் அண்ணன் வாயைப் பிளந்திருக்கிறான். களம் வேறு மாதிரி. சின்னக் கூடம், இருநூறு மடக்கு நாற்காலி, ஒரே ஒரு வர்ணனையாளர். அவருக்கும் பாதி நேரம் சளி. கணக்கு வாத்தியார் என்று இவர்களே பெயர் வைத்த வழுக்கைத்தலையர் ஒருவர் அதில் உண்டு. எதிராளியின் கையைப் பிடித்தால் உடும்புப் பிடி. ஒருமுறை பதினோரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் நடுவில் எழுந்துபோய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்தான். பிடி அப்படியே இருந்தது.

“உங்க ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டுத் தூங்குறாங்க. போர்வைதான் பாக்கி” என்பான்.

“உங்க ஆளுங்க மூணு நிமிஷம் சண்டை, முப்பது நிமிஷம் பஞ்சாயத்து. இதுக்கு எதுக்கு டிவி? நம்ம சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா போதாதா?” என்பாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுவதும் அடுத்தவர் தோளைத் திருகிவிட்டு வருகிறவள். யார் ஜெயிப்பார் என்பதை முன்கூட்டியே பேசிவைத்துவிடுவார்கள், எப்படி விழுவது என்பதைப் பேசிவைக்க முடியாது என்பது அவள் கட்சி. முகவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழுகிறவனுக்குத்தான் அவள் கைதட்டுவாள், அவன் தோற்றவனாக இருந்தாலும். ஒருமுறை மாமனார் வந்திருந்தபோது, இதெல்லாம் நடிப்புதானே என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி. மனிதர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

கல்யாணமான இரண்டாம் வருடம் டிவிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வந்தது. எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நிறுவனம் வைத்தது. கூடவே ஒரு சின்ன ரிமோட். அவன் ஒன்றாம் எண், அவள் இரண்டாம் எண். பார்க்க உட்கார்ந்தால் அவரவர் எண்ணை அமுக்க வேண்டும், எழுந்தால் மறுபடி அமுக்கி அணைக்க வேண்டும். வைத்துவிட்டுப் போனவரை இவர்கள் மீட்டர்காரர் என்றார்கள். எதிரிக்கு யாராவது ஓட்டுப் போடுவார்களா? அவன் வாரத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசிவரை பார்ப்பாள், இரண்டாம் எண்ணைத் தொட மாட்டாள். அவள் வாரத்தில் அவனும் அப்படியே.

நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் அவள் இல்லை.

முதல் இரண்டு சனிக்கிழமைகள் வீடு நிறைய ஆட்கள். மூன்றாவது சனிக்கிழமை யாரும் இல்லை. ஆறு மணி ஆயிற்று. முறைப்படி அது அவள் வாரம். களத்தை வைத்தான். இரண்டாம் எண்ணை அமுக்கினான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த வாரம் அவன் முறை. அன்றும் களத்தையே வைத்து இரண்டையே அமுக்கினான். அதன்பிறகு முறை என்று ஒன்று இல்லை. ஒன்றாம் எண்ணை அவன் தொடவில்லை. பெட்டியின் கணக்குப்படி, ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வீட்டில் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்து மல்யுத்தம் பார்க்கிறாள். புருஷன் எங்கோ வெளியே போயிருக்கிறான்.

தப்பு என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் வேலை. ஒரு பாட்டில் தண்ணீரைப் பார்த்து ஒரு ஏரியைப் பற்றிச் சொல்வதற்குத்தான் சம்பளம். ஆனால் களத்தை நிறுத்தப்போகிறார்கள் என்று அவள் இருந்தபோதே பேச்சு இருந்தது. நின்றால் அவள் தோற்ற மாதிரி. அதற்கு மட்டும் அவனால் இடம்கொடுக்க முடியவில்லை.

களம் நிற்கவில்லை. ஆனால் மூன்றாம் மாதம் அங்கே புகை வந்தது. நான்காம் மாதம் மைக் வந்தது. ஐந்தாம் மாதம் கணக்கு வாத்தியார் தலையில் முடியோடு வந்தார். ஆறாம் மாதம் நடுவரின் தங்கை ஒருத்தி அந்த முடியைக் கோதினாள். யார் மண்டையில் உதித்த யோசனையோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவன் இரண்டாம் எண்ணை அமுக்கிக்கொண்டுதான் இருந்தான்.

ஏழாம் மாதம் ஒரு சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு மீட்டர்காரர் வந்தார். தோளில் பை, கையில் படிவம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், ஒயரை இழுத்துப் பார்த்தார். பிறகு சோஃபாவின் நுனியில் உட்கார்ந்து, இரண்டாம் நம்பர் மேடம் வீட்டில் இல்லையா என்று கேட்டார்.

வெளியே போயிருப்பதாக அவன் சொன்னான்.

“ஆறு மணிக்கு வந்துடுவாங்கல்ல? ஏழு மாசமா ஒரு வாரம் தவறலையே” என்று மீட்டர்காரர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

என்ன விஷயம் என்று கேட்டான். பெட்டியில் கோளாறு இருக்குமோ என்று மேலிடத்தில் சந்தேகமாம். மனுஷர் என்றால் விளம்பரம் வந்தால் எழுவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், போன் வந்தால் போவார்கள். இந்த இரண்டாம் நம்பர் இரண்டு மணி நேரத்தில் இமைகூடக் கொட்டுவதில்லை. நேரில் பார்த்து, இன்னார்தான் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

“ஒரு வீட்டுக்கு இவ்வளவு பாடா?” என்றான்.

மீட்டர்காரர் குரலைத் தாழ்த்தினார். இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் முழுவதையும் சொல்லாமல் விடுவதில்லை.

“பயிற்சியில முதல் நாளே, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னுதான் சார் சொல்லிக்குடுப்பாங்க. உங்க மேடம் அந்த ஒரு சோறு. அவங்க பாத்தா நாலாயிரம் பொம்பளைங்க பாக்குறாங்கன்னு அர்த்தம். களத்துக்கு முன்னாடி நிலையான பொம்பளைக் கூட்டமே கிடையாது, உங்க மேடமே ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான். ஆம்பளைங்களும் விளம்பரம் வந்தா ஓடிடுவாங்க. திடீர்னு நாலாயிரம் பேரு, வாராவாரம், அசையாம. சேனல்காரனுக்குத் தலைகால் புரியலை. சும்மா விடுவானா? அவங்களுக்குப் பிடிக்கிற மாதிரி லவ்வு, பாட்டு, கண்ணீருன்னு கொண்டாந்துட்டான். அந்த வழுக்கைக்கு விக் வச்சதே உங்க மேடத்துக்காகத்தான்.”

அவன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான். சாத்த வேண்டிய அவசியம் இல்லை. மறுபடி திறந்துவைத்தான்.

ஆய்வகத்தில் இப்படி ஒருவன் பாட்டிலில் எதையாவது கலந்திருந்தால் அவனே சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பியிருப்பான். ஒரு சொட்டு என்று நினைத்திருந்தான். ஏரி முழுவதற்கும் மருந்து போட்டிருக்கிறார்கள்.

மணி ஆறு. டிவியைப் போட்டான். மேடை நடுவில் மெத்தை விரிப்புக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளம். கோட்டு சூட்டில் கணக்கு வாத்தியார், மண்டியிட்டு, கையில் மோதிரப் பெட்டி. மண்டியிட்ட விதமே சரியில்லை, வலது முட்டி ஆடியது. நடுவரின் தங்கை கண்களைத் துடைத்துக்கொண்டாள். அவன் சின்ன ரிமோட்டைக் கையில் வைத்திருந்தான், எதையும் அமுக்கவில்லை. மீட்டர்காரர் வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

“லேட்டாகும்னா பரவால்ல சார். வீட்டில் இல்லைன்னு போட்டுட்டு அடுத்த மாசம் வரேன். அதுவரைக்கும் எதுவும் மாறாது.”

“வேணாம். ரெண்டாம் நம்பரை எடுத்துடுங்க.”

அப்படியெல்லாம் சும்மா எடுக்க முடியாது, காரணம் எழுத வேண்டும் என்று மீட்டர்காரர் படிவத்தைப் புரட்டினார். படிவத்திலேயே காரணங்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. எதிரே ஒரு கட்டம், அதில் ஒரு டிக். அவர் பேனாவைத் திறந்துகொண்டு படித்தார்.

“வேலை விஷயமா வெளியூரா?”

“இல்ல.”

“மேல்படிப்பு?”

“இல்ல.”

மூன்றாவதைப் படிக்கச் சங்கடப்பட்டார். “பிரிஞ்சு... இப்பல்லாம் இது சகஜம் சார். தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்ல.”

மிச்சம் இருந்தது ஒரு வரி. மீட்டர்காரர் அதைப் படிக்கவில்லை. பேனா முனை கட்டத்துக்கு மேலே நின்றது.

“செத்துட்டா” என்றான். “ஏழு மாசம் ஆச்சு.”

இத்தனை நாளில் யாரிடமும் அதை அவன் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் மாமனார் சொல்லிவிட்டார். ஆபீஸில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். சொல்லிப் பார்த்தபோது சின்ன வார்த்தையாகத்தான் இருந்தது.

மீட்டர்காரர் டிக் போட்டார். தேதி கேட்டார், சொன்னான். எழுதினார். பிறகு ரிமோட்டைப் பார்த்தார்.

“அப்ப இவ்வளவு நாளும் அமுக்குனது?”

“நான்தான்.”

அவர் கோபப்படவில்லை. மூக்கை மட்டும் தேய்த்துக்கொண்டார். விதிப்படி இந்த வீட்டையே பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், ஏழு மாதக் கணக்கையும் தள்ளிவிடுவார்கள் என்றார். அதாவது அந்த நாலாயிரம் பெண்களும் இன்றோடு கிடையாது.

“களத்தை நிறுத்திடுவாங்களா?” என்று கேட்டான்.

“நிறுத்தினாலும் நிறுத்தலாம். இல்லைன்னா செலவைக் குறைச்சுட்டு ஓட்டுவான். புகை, மைக் எல்லாம் போயிடும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஏதாவது ஒரு பொந்துல சொருகுவான். யார் பாப்பாங்க அப்ப?” மீட்டர்காரர் படிவத்தை நீட்டவில்லை, மடியிலேயே வைத்திருந்தார். “நான் இன்னும் எதையும் அனுப்பலை சார். இந்தத் தாளைக் கிழிச்சா கிழிச்சதுதான். நீங்க சொல்லுங்க.”

டிவியில் வாத்தியார் மைக்கைக் கையில் எடுத்தார். ஐந்து வருடம் ஒரு வார்த்தை பேசாமல் பேர் எடுத்த மனுஷர். தன் இதயத்தில் ஒரு பிடி விழுந்துவிட்டது, அதிலிருந்து விடுபட விரும்பவில்லை என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

அவன் கையை நீட்டிப் படிவத்தை வாங்கினான். பேனாவையும் வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

மீட்டர்காரர் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டிக்கு நான்கு ஸ்க்ரூ. மூன்றைக் கழற்றிய பிறகு கை நின்றது. முகத்துக்கு இரண்டடி தூரத்தில் நடுவரின் தங்கை மோதிர விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். மீட்டர்காரர் வாய் லேசாகத் திறந்திருந்தது. அவருடைய வேலையில் இருப்பவர்கள் எந்த நிகழ்ச்சியையும் பிடிக்கும் என்று சொல்லக்கூடாதாம், அதனால் சொல்லவில்லை.

“அடுத்த மாசம் கல்யாணம்னு போடுறான்” என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “நடக்கும்ல சார்?”

“நடக்காது” என்றான். “இனிமே நடக்காது.”

மீட்டர்காரர் பெருமூச்சு விட்டுவிட்டு நான்காவது ஸ்க்ரூவைத் திருகினார். அது கைநழுவி சோஃபாவுக்கு அடியில் உருண்டு போயிற்று. இரண்டு பேரும் தரையில் குனிந்து தேடினார்கள்.