வெள்ளிக்கிழமை லோடு

அடியாத மாடு படியாது என்பது இசக்கிராஜாவின் வேதம். கோவில்பட்டியில் அவருடைய மிளகாய் வத்தல் மண்டியில் அந்த வேதத்தைப் படிக்காத முதுகே கிடையாது. இன்றைக்கு மாட்டிக்கொண்டது குடோனைப் பார்த்துக்கொள்ளும் செலஸ்டினின் முதுகு.

ஷட்டரை இறக்கிவிட்டு இரும்புக் கம்பியால் வெளுத்துக்கொண்டிருந்தார். மூட்டை தூக்கும் மகாராஜாவும் இன்னொருவனும் செலஸ்டினின் தோள்களை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். கிழிந்த முதுகில் வத்தல் தூசி ஏற ஏற அந்த மனுஷன் அலறினான். அடிப்பவரும் இருமினார், பிடித்தவர்களும் இருமினார்கள்.

கணக்கு எழுதும் வினோலியா கண்ணாடி அறைக்குள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாராவாரம் யாரும் போடாத ஒரு சரக்குச் செலவு கணக்கில் முளைத்துக்கொண்டிருந்தது. கணக்கில் கை வைப்பவர்கள் அவளும், எடை பதிகிற செலஸ்டினும்தான். "நான் போடலை அண்ணாச்சி" என்று காலையில் இசக்கிராஜாவிடம் உண்மையைத்தான் சொன்னாள். அந்த வார்த்தை நேராகப் போய் செலஸ்டினின் முதுகில் விழும் என்று அவளுக்குத் தோன்றாமல் போயிற்று. தோன்றியிருக்க வேண்டாமா, பாவி மகளுக்கு!

"கள்ளச் செலவு எழுதி எத்தன மூட்டைய வித்தல? சொல்லுல!"

"சத்தியமா இல்ல அண்ணாச்சி... மாதா மேல ஆணையா..."

கம்பி இடது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

வினோலியா அழுதுகொண்டே ஒவ்வொரு பதிவாகத் திறந்தாள். செலவு முளைத்த நாளெல்லாம் சனிக்கிழமை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விளாத்திகுளம் லோடு வெள்ளிக்கிழமை வரும். அன்றைக்கே விற்றும் போகும். விற்றதை அன்றே எழுதலாம், லட்சுமி உள்ளே வருகிறாள். வாங்கியதை மட்டும் வெள்ளியன்று எழுதக் கூடாது, லட்சுமி வெளியே போய்விடுவாள் என்பது அண்ணாச்சியின் கண்டிப்பு. அது சனிக்கிழமைத் தேதியில்தான் ஏறும். கணக்கில் இன்னும் வராத மூட்டை வெளியே போனால் சாஃப்ட்வேர் என்ன செய்யும்? பழைய கொள்முதல் விலையை வைத்து ஒப்பேற்றும். மறுநாள் கூடுதல் விலையில் கொள்முதல் ஏறியதும் அந்த வித்தியாசத்தைத் தானே செலவாக எழுதிக்கொள்ளும்.

போன வாரக் கொள்முதலின் தேதியை வெள்ளி என்று மாற்றினாள். செலவு மறைந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "நிறுத்துங்க அண்ணாச்சி! யாரும் களவாங்கல. சரக்க கணக்குல ஏத்தாமலே விக்கோம். நீங்க போடச் சொன்ன தேதிதான் இந்தச் செலவ எழுதுது. இந்தா பாருங்க, மாத்துனதும் போயிருச்சு!"

எல்லோரும் பார்த்தார்கள். மகாராஜாவின் பிடி தளர்ந்தது. இசக்கிராஜா திரையைப் பார்த்தார், தொங்குகிற கையைப் பார்த்தார். இவன் திருடவில்லை என்றால் இந்தக் கையை எதற்கு உடைத்தோம்? வெளியே தெரிந்தால் மானம் போகும், போலீஸும் வரும்.

"தேதிய பழையபடி சனின்னு போடுட்டி, அந்தச் செலவு திரும்ப ஏறட்டும்," என்றார். "போட்டா இவன விட்டுருதேன். களவாணின்னு பேரு வாங்கிக்கிட்டு ஊர விட்டுப் போவட்டும். இல்லன்னா மத்தக் கையும் போவும்."

லேப்டாப்பில் ஒரு தட்டு தட்டினால் ஒரு கை பிழைக்கும். தட்டிவிடலாம் என்றுதான் வினோலியாவுக்கு இருந்தது.

செலஸ்டின் ரத்தத்தைத் துப்பினான். வலது கையைத் தானே எடுத்துத் தராசின் இரும்புத் தட்டில் வைத்தான்.

"இதையும் எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. எம் பிள்ளையள களவாணி பிள்ளைன்னு யாரும் சொல்லக் கூடாது. ஏ வினோலியா, நீ தேதியத் தொடாத."

அவள் தொடவில்லை. கம்பி இறங்கியது.

மறுபடி ஓங்குவதற்குள் மகாராஜா முதலாளியை வத்தல் குவியலில் தள்ளிவிட்டு ஷட்டரைத் தூக்கினான். வினோலியா லேப்டாப்பை மூடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினாள்.