மயிலையின் பச்சை நாக்கு

வெள்ளகோவில் ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்குக் கூடிய சனம் மொத்தமும் செங்கோடனின் மயிலைக் காளையைத்தான் பார்த்தது. அடேயப்பா, என்ன துள்ளல், என்ன சீறல்! மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க ரெண்டு ஆள் பத்தவில்லை. இந்த வருசம் இவனை எவனும் அசைக்க முடியாது என்று ஊரே சொல்லிவிட்டது. செங்கோடனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் பெண்டாட்டி வள்ளியாத்தாளுக்கு மட்டும் பெருமை இல்லாமலா? சோடி மாடு செவலைக்கு நுகத்தடி உரசிக் கழுத்தில் புண் வைத்து, வண்டி பூட்டவே முடியாமல் கிடந்ததே, அதை ஆற்றியது யார்? தினமும் ஊமத்தை இலையை அரைத்து அப்பினவள் அவள்தானே. சுத்துப்பட்டு ஊரே புண்ணென்றால் அவளிடம்தான் வரும். ஊமத்தை விஷமாச்சே என்று பக்கத்து ஊட்டு மயிலாத்தாள் பயந்ததற்கு, மாடு தன் கழுத்தைத் தானே நக்குமா என்று மடக்கிவிட்டாள். இன்றைக்குக் காலையிலும், பந்தயமாயிற்றே என்று, கொஞ்சம் தாராளமாகவே அப்பியிருந்தாள்.

மயிலைக்குப் பொட்டு வைக்கப் போனவள் அதன் கண்ணைப் பார்த்தாள். உச்சி வெயிலில் கருவிழி அகலமாக விரிந்து கிடந்தது. எப்போதும் வேர்த்திருக்கும் மூக்கு ஓடாகக் காய்ந்திருந்தது. வாயைப் பிளந்து பார்த்தாள். நாக்கெல்லாம் பச்சை. செவலையின் கழுத்தில் அப்பியதோ வழித்தெடுத்தாற்போல் காணோம். ஒரே தொழுவில் பக்கத்தில் பக்கத்தில் கட்டுகிற சோடி, ஒன்றையொன்று நக்கிக்கொடுக்காத நாள் உண்டா?

பந்தயம் தொடங்கக் கொடி ஏறிவிட்டது. வள்ளியாத்தாள் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள். செங்கோடன் சாட்டையை ஓங்கி, விலகிப் போ என்று கத்தினான்.

"ஏனுங்க, இது வேகமில்லீங்க. செவலைக்கு நான் அப்புன மருந்தைத் தின்னுபோட்டுதுங்க. ஓட்டுனீங்கன்னா செத்துப்போயிருமுங்க."

அத்தனை பேர் முன்னாலும் தன் மருந்தைத் தானே விஷம் என்று சொல்லியாயிற்று. செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டு நுகத்தை அவிழ்த்தான். மற்ற வண்டிகள் புழுதி கிளப்பிப் பறந்தன. பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று பக்கத்துத் தோட்டத்து அங்கப்பன் சிரித்தான். அவிழ்த்த மயிலை நாலடி வைத்தது, கால் பின்னித் தொப்பென்று விழுந்தது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஈரத்துணியால் அதைத் துடைத்தபடி அவள் பக்கத்திலேயே கிடந்தாள். பொழுது இறங்கும்போது மயிலை தானாக எழுந்து தொட்டியில் வாய் வைத்தது. வள்ளியாத்தாள் ஓவென்று அழுதுவிட்டாள்.

அங்கப்பன் செவலையின் கழுத்தைத் தடவிப் பார்த்தான். தன் காளைக்கும் இதே புண்தான், அந்த மருந்து கிடைக்குமா என்று மெல்ல இழுத்தான்.

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். "தாரேனுங்ண்ணா. மொதல்ல சோடியைப் பிரிச்சுக் கட்டுங்க. நான் வந்து கண்ணால பாத்துபோட்டுத்தான் தருவேன்."