ஹீட்டர் பக்கத்து நாற்காலி

என் நாற்காலியில் யாரோ பையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பை மட்டுமா, எழுதுகிற பலகையின் மேல் பூப்போட்ட துணியில் சுற்றிய மூட்டை வேறு. சனிக்கிழமை காலை வகுப்பு. ராத்திரி முழுக்க ஒரு கிழவருக்குப் படுக்கை மாற்றி, மருந்து கொடுத்து, அவர் திட்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, பனியில் பஸ்ஸுக்கு நின்று கால் மரத்துப்போய் வந்திருந்தேன். அந்த அறையில் உருப்படியாகச் சூடு வருகிற ஹீட்டர் ஒன்றே ஒன்றுதான். அதன் பக்கத்து நாற்காலி என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் எங்கள் கல்லூரியில் முதல் நாள் எங்கே உட்கார்ந்தோமோ அதுதான் பருவம் முடியும்வரை நம் இடம். இது தெரியாதவளுக்குத் தெரியட்டும் என்று பையையும் மூட்டையையும் ஒரே தள்ளாகக் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

துணி அவிழ்ந்து உள்ளிருந்து ஒரு வட்ட ரொட்டி உருண்டு போனது. வாசலில் நின்ற பெண் ஓடி வந்து அதை எடுத்தாள். தூசியை ஊதினாள். முத்தமிட்டாள். நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். எங்கள் ஊர் ஜெரெமியில் என் அம்மா செத்த வீட்டில்கூட என்னை யாரும் அப்படி வெறுப்போடு பார்த்ததில்லை.

"இது என் இடம்," என்றேன்.

"ரொட்டி என்ன பண்ணுச்சு அக்கா?" என்றாள்.

அக்காவாம். அவள் பெயர் தில்னோஸா. உஸ்பெக்காரி, சமர்கண்டிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டாவது வாரத்தில்தான் வகுப்பில் சேர்ந்தாள். அவர்கள் ஊரில் வயதில் மூத்தவளை, அடிக்கப் போனாலும், அக்கா என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள் போலிருக்கிறது. நான் பல்லை உறிஞ்சி 'ச்சூப்' என்று ஒரு சத்தம் விட்டேன். எங்கள் ஹைட்டியில் அதற்கு மேல் அவமானம் கிடையாது. அவளுக்கு அது புரிந்தது. அதற்கெல்லாம் மொழி தேவையா என்ன?

கல்லூரி விளம்பரப் பலகையில் கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்று எல்லா நிறத்திலும் பிள்ளைகள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சிரிப்பார்கள். எங்கள் கல்லூரியில் மரமே கிடையாது. சிரிப்பவர்களையும் நான் அதிகம் பார்த்ததில்லை. கட்டணம் குறைவு, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பதால் உலகத்தில் தூக்கம் கெட்டவர்கள் எல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். என் பெஞ்சுக்காரர் ஷம்சுல், வங்கதேசம், டாக்ஸி ஓட்டுகிறார். பாடம் நடக்கும்போது கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். பாடம் நடத்தும் லிப்கினுக்கு இங்கே ஓர் அறைகூடக் கிடையாது. மூன்று கல்லூரிக்கு ஓடுகிறவர். சந்தேகம் கேட்டால் மாடிப்படியில் நின்று வாழைப்பழம் தின்றபடி பதில் சொல்வார்.

இந்த உடற்கூறு பாடத்தில் ஏ வாங்கினால்தான் நர்ஸிங்கில் இடம். போன வருஷம் எனக்கு சி வந்தது. திரும்ப எழுத ஒரு தடவைதான் விடுவார்கள். இது அந்தத் தடவை. இதுவும் போனால் ஆயுசு முழுக்க அடுத்தவன் வீட்டில் படுக்கை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இடங்கள் கொஞ்சம், வாய்பிளந்து நிற்பவர்கள் ஏராளம். ஆகவே தில்னோஸா எனக்குப் போட்டி. நானும் அவளுக்குப் போட்டி. ரொட்டி வேறு நடுவில் விழுந்துவிட்டது.

அதிலிருந்து வாராவாரம் ஒரு சண்டை. எலும்புப் பெட்டி ஒன்றைத்தான் இரண்டு குழுக்கள் பகிர வேண்டும். நான் கை எலும்புகளைப் படிக்கிற நாளில் மணிக்கட்டு அவளிடம் இருக்கும். கேட்டால், "இதோ முடிஞ்சிடுச்சு அக்கா," என்பாள், முடியவே முடியாது. நான் மட்டும் சும்மாவா? மண்டையோட்டை என் மேல்கோட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு காணவில்லை என்றேன். அவள் அறை முழுக்கத் தேடினாள். ஷம்சுல் தலையில் அடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, செத்தவன் எலும்புக்கா இப்படி அடிச்சிக்கிறீங்க?"

"உங்க வேலையைப் பாருங்க," என்றேன்.

ஹீட்டர் பக்கம் அவள் வரவே இல்லை. கடைசி வரிசையில், ஜன்னல் ஒழுகுகிற இடத்தில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள். மூக்கு சிவந்திருக்கும். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

மொத்த மதிப்பெண்ணில் பாதி செய்முறைப் பரீட்சைக்கு. அது ஆய்வுக்கூடத்தில் நடந்தது. சுற்றிலும் மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஓர் எலும்போ உறுப்போ, அதில் குத்திய ஊசி, பக்கத்தில் ஓர் எண். மணி அடித்தால் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். நடுநடுவே சில மேஜைகளில் ஒன்றும் இருக்காது, 'ஓய்வு' என்ற அட்டையும் எண்ணும் மட்டும். அங்கே மூச்சு விட்டுக்கொள்ளலாம். விடைத்தாளில் அந்த எண்ணுக்கு நேரே காலியாக விட வேண்டும், அவ்வளவுதான். யாராவது வாயைத் திறந்தால், பேசியவருக்கும் கேட்டவருக்கும் சேர்த்தே பூஜ்யம் என்று லிப்கின் முன்பே சொல்லிவிட்டார். வரிசையில் எனக்கு நேர் முன்னால் தில்னோஸா. என் நேரம்!

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தொடை எலும்பு, தோள்பட்டை, ஆட்டுச் சிறுநீரகம், ஒன்றும் என்னை ஏமாற்றவில்லை. முதல் ஓய்வு மேஜையில் கண்ணை மூடி நின்றேன். ராத்திரித் தூக்கம் அப்படியே கால் வழியாக ஏறியது. மணி அடித்ததும் திடுக்கிட்டு நகர்ந்தேன், எழுதினேன், மறுபடி நகர்ந்தேன். எல்லாம் தெரிந்த கேள்விகள். உள்ளுக்குள் பாட்டே வந்தது.

அடுத்த ஓய்வு மேஜைக்குத் தில்னோஸா முதலில் போனாள். செய்ய வேலை இல்லாததால் திரும்பி நின்றாள். பார்வை என் தாளில் விழுந்தது, அங்கேயே நின்றது. நான் கையால் மறைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

"சார், இந்த அக்கா என் பேப்பரையே பாத்து எழுதறாங்க."

மொத்த அறையும் என்னைப் பார்த்தது. காப்பி அடித்தால் இந்தப் பாடம் மட்டுமில்லை, கல்லூரியே கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் லிப்கின் வந்து இரண்டு தாள்களையும் பிடுங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. பெருமூச்சு விட்டார்.

"இவங்க உன்னைப் பாத்து எழுதலைம்மா. எழுதியிருந்தா சரியா இருந்திருக்கும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாவி மகளே, உன்னை என்ன செய்கிறேன் பார் என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். லிப்கின் தாளை என் கையில் திணித்துவிட்டு, போகிற போக்கில் மேஜை மேல் இருந்த எண் அட்டையை ஒரு தட்டு தட்டினார்.

"எல்லாருக்கும் பொதுவா சொல்றேன். மேஜை நம்பரையும் பேப்பர் நம்பரையும் ஒரு தடவை ஒத்துப் பாருங்க. யாரையும் தனியா சொல்லலை."

பார்த்தேன். முதல் ஓய்வு எண்ணுக்கு நேரே நான் காலியாக விடவில்லை. அடுத்த மேஜையின் விடையை அங்கே எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு எழுதிய அத்தனையும் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருந்தன. அத்தனையும் சரி, அத்தனையும் தப்பு. அடித்தேன், அம்புக்குறி போட்டேன், ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். கடைசி மணி அடித்தபோதுதான் அடிவரி முடிந்தது.

தாழ்வாரத்தில் அவளை மடக்கினேன்.

"ஏண்டி, நான் திருடியா?"

"இல்லைன்னு அவரே சொல்லிட்டாரே."

"நீ சொன்னியே! எல்லார் முன்னாடியும் சொன்னியே!"

"வேற எதைச் சொன்னா அவரு உங்க பேப்பரை எடுத்துப் பாப்பாரு அக்கா அங்க?" என்றாள். குரலில் கனிவு ஒன்றும் இல்லை. "தள்ளுங்க, எனக்கு வேலைக்கு நேரமாச்சு." தோளால் இடித்துக்கொண்டுதான் போனாள்.

ஷம்சுல் பக்கத்தில் வந்து நின்றார். ஏதாவது சொன்னால் கடித்துவிடுவேன் என்று தெரிந்து, என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

வியாழக்கிழமை பஸ்ஸில் போனில் பரீட்சை முடிவைப் பார்த்தேன். ஏ. இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போனது. அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அழுது முடித்ததும் அவள் மேல் வந்த கோபம் அப்படியே இருந்தது. என்னை எல்லார் முன்னாலும் திருடியாக்கினாள். என்னைக் காப்பாற்றினாள். இரண்டும் ஒரே வாயால். சனிக்கிழமை அவளிடம் என்ன பேசுவது என்று இரண்டு விதமாகவும் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

ஹீட்டர் தடதடவென்று கொதித்துக்கொண்டிருந்தது. என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. எழுதுகிற பலகையின் மேல் அதே பூப்போட்ட துணி விரித்திருந்தது. அதன் நடுவில் வட்ட ரொட்டி, பூ அச்சு அழுத்திய முகம் மேலே பார்க்க. ஓரத்தில் ஒரு துண்டு பிய்த்திருந்தது.

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், ஒழுகும் ஜன்னலடியில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள். என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கோட்டிலிருந்த பனி உருகித் தரையில் சொட்டியது. பையை வைக்க இடம் இல்லாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.