மூன்று அழைப்புகளும் ஓர் அனுமதியும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாலக்கரையில் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபிறகு, பெலிண்டா என்னைத் தனியே நிறுத்திச் சொன்னது. (பெயரை மாற்றியிருக்கிறேன். அவள் தம்பியிடம் அது பலிக்காது. முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவான்.)

"எழுதுங்க லிசி அக்கா. ஆனா முடிவ மட்டும் எனக்குக் காட்டிட்டுப் போடுங்க."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'காவிரிமேல் காலை வெயில்...' அடித்துவிட்டேன். திருச்சிக்காரர்கள் கதை எழுத உட்கார்ந்தால் காவிரி கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இந்தக் கதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மறுபடியும். பெலிண்டா வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவள். இப்போது புரோகிராம் எழுதுவதில் பாதியை ஏஐ ஏஜென்ட் என்கிற செயற்கை அறிவு உதவியாள் செய்கிறது. நடுநடுவே நின்று அது அனுமதி கேட்கும். கவனிக்காவிட்டால் நாள் முழுக்க அப்படியே நிற்கும். அதனால் கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்ட் என்கிற ஒரு சின்ன நிரல் எழுதி, ஏஜென்ட் நின்றாலும் முடித்தாலும் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வரும்படி செய்தாள். கையால் மூடும்வரை அது போகாது.

பிறகு அதையே அப்பாவுக்கும் செய்தாள். செபஸ்தியான், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. அவருடைய இடது கைக்கு எட்டும்படி ஒரு பொத்தான் வைத்தாள். அமுக்கினால் அவள் திரையில் 'அப்பா கூப்பிடுறாங்க' என்று வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், அதன்பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

முதல் வாரம் ஒன்றும் வேண்டாமலே அமுக்குவார். ஓடிவரும் மகளைப் பார்த்துப் பாதி வாயால் சிரிப்பார்.

"அப்பா, மீட்டிங்ல இருக்கேன்ப்பா. சும்மா சும்மா அமுக்காதீங்க."

அதன்பிறகு தேவையில்லாமல் அவர் அமுக்கியதே இல்லை.

(இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன்.)

3

இனி கொஞ்சம் தொழில் விஷயம். சுருக்கமாகவே சொல்கிறேன்.

அறிவிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குவிந்து திரையை அடைத்தன. குவியாமல் பார்த்துக்கொள் என்று ஏஜென்ட்டிடமே சொன்னாள். அந்த ஃபோல்டரில் இருந்த ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றையும் ஒரே குழுவில் சேர்த்துவிடலாம் என்றது அது. ஒரு குழுவுக்குள் புதியது வந்தால் பழையது தானாக மறைந்துவிடும். மாற்றப்போகும் கோப்புகளின் பட்டியலைக் காட்டி அனுமதியும் கேட்டது. நான்காவது வரியில் அப்பாவின் பொத்தானுக்கான ஸ்கிரிப்ட் இருந்தது. நாளுக்கு நூறு தடவை 'சரி' கொடுத்துப் பழகிய விரல், அதற்கும் 'சரி' கொடுத்தது. இந்த வேலையில் இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பட்டியலைக் கடைசிவரை படிக்கிறவர்கள் குறைவு.

மூன்றாம் நாள் காலை கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறதென்று கீழே போனாள். 11:50க்குத் திரும்பி வந்தபோது திரையில் ஒரே ஓர் அறிவிப்பு, ஏஜென்ட்டுடையது: 'புரோகிராமுக்கான சோதனைகளை ஓட்டலாமா?' உடனே சரி என்றாள். அப்பாவிடமிருந்து எதுவும் இல்லாததால் அறைக்குப் போகவில்லை. ஒரு மணிக்குக் கஞ்சியோடு போனபோது செபஸ்தியான் இறந்துபோயிருந்தார்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள், எது எப்போது நடந்தது என்று கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் லாக் ஃபைலைத் திறந்து பார்த்தாள். 11:42, 11:43, 11:45. மூன்று முறை அமுக்கியிருக்கிறார். 11:46க்கு ஏஜென்ட் அனுமதி கேட்டிருக்கிறது. அது வந்ததும் அப்பாவின் அழைப்பு மறைந்துவிட்டது.

அறிவிப்பு இருந்து, ஓடிப்போய்ப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. தனியாகப் போயிருக்கமாட்டார்.

4

தம்பி பிரிட்டோ தோஹாவில் இருக்கிறான். வந்து மண் போட்டுவிட்டு நான்கே நாளில் திரும்பிப் போனவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவான்.

"அக்கா, அப்பா கடைசியா உன்னக் கூப்பிட்டாராக்கா?"

"லைன் சரியில்லடா. அப்பறம் பேசுறேன்."

மூன்று ஞாயிறு இதே கேள்வி, இதே பதில்.

பெலிண்டா ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்து, நான் எழுதிவைத்த முடிவுகளைப் படித்தாள்.

முடிவு அ: செபஸ்தியான் தூக்கத்திலேயே போகிறார். பொத்தானைத் தொடவே இல்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் நிம்மதி.

"நல்லாத்தாங்க்கா இருக்கு." தாளை மேசைமேல் வைத்தாள். "ஆனா அப்பா கூப்பிட்டாருக்கா. மூணு தடவ கூப்பிட்டாரு. இப்படி எழுதிட்டா அது இல்லாமயே போயிடும்ல?"

அடுத்த தாளைக் கொடுத்தேன்.

முடிவு ஆ: ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள், அவர் பாதி வாயால்... பாதியிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இது வேற யாரோ பொண்ணுக்கா."

முடிவு இ: தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். அவன்

(இதற்குமேல் ஓடவில்லை. மன்னித்தான் என்று எழுத எனக்கு உரிமையில்லை. மன்னிக்கவில்லை என்று எழுத மனம் வரவில்லை.)

இதை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழமைக்கு அப்பறமா பத்திரிகைக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

5

அந்த ஞாயிறும் வந்து போயிற்று. திங்கட்கிழமை கூப்பிட்டு, "தம்பிகிட்ட பேசிட்டேன். குடுத்துடுங்கக்கா" என்றாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே இதை முடிக்கவேண்டியது நீங்கள். பெலிண்டாவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் இரக்கம் காட்டுங்கள். தம்பியை அழவிடுங்கள், கத்தவிடுங்கள், போனை வைத்துவிட்டு மறுநாளே டிக்கெட் போடவிடுங்கள். செபஸ்தியான் கூப்பிட்டதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.