சைகோன் விளக்கு

திருமயத்துக்கு மேற்கே இருந்த அந்த ஊருக்கு அறுபத்தொன்றாம் வருஷம் கரண்டு வந்தது. அதைப் பார்க்க வயிரவன் இல்லை. அவர் இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. சைகோன் கடையை மூடிவிட்டு ஊர் திரும்பியபோது ஒரே மாதிரி இரண்டு மேஜை விளக்குகள் கொண்டு வந்திருந்தார். பித்தளைத் தண்டு, தேன்நிறக் கண்ணாடி. ஒன்று தன் வீட்டுக்கு, ஒன்று அண்ணன் வீட்டுக்கு. கரண்டு இல்லாததால் இரண்டும் அந்தந்த வீட்டில் பெட்டிக்குள் வைக்கோலிலேயே கிடந்தன.

அண்ணன் வீடு சுவருக்கு அந்தப் பக்கம். வயிரவனின் காரியத்தன்று அண்ணன் மனைவி அலமேலு சொன்ன ஏதோ ஒரு வார்த்தை வயிரவன் மனைவி ஆவுடையாளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

வயர்மேன் ரெங்கராஜ் வேலையை முடித்ததும் ஆவுடையாள் விளக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மொதல்ல இது எரியட்டும் தம்பி."

"குடுங்க ஆச்சி, சொருகிப் பாத்துருவோம்."

"இருங்கண்ணே!" என்று மகள் நாச்சம்மை ஓடி வந்தாள். புதுக்கோட்டையில் இண்டர்மீடியட் படித்தவள். விளக்கின் அடித்தட்டில் பொறித்திருந்ததைப் படித்தாள்: 110 வோல்ட், அரை ஆம்பியர்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை 220 ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் 55 வாட். இங்கே வருவதோ 230 வோல்ட். அதே தடைக்குள் ஒரு ஆம்பியருக்கு மேல் பாயும், 240 வாட்.

"நாலு பங்குக்கு மேல ஆத்தா. போட்ட ஒடனே போயிரும்."

ஆவுடையாளின் முகம் விழுந்துவிட்டது. "அப்பா ஆசையாக் கொண்டாந்தது. எரியவே எரியாதா?"

"எரியும். இதே மாதிரி இன்னொண்ணை வரிசையாக் கோத்தா ஆளுக்குப் பாதி, நூத்திப்பதினஞ்சு. தாங்கும்."

இன்னொன்று எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆவுடையாள் துடைத்த விளக்கையே மறுபடி துடைத்தாள். பிறகு, "நீயே போய்க் கேளு" என்றாள்.

நாச்சம்மை போய்ச் சொன்னதும், அலமேலு விளக்கை அவளிடம் கொடுக்கவில்லை. தானே இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள்.

ரெங்கராஜ் சுவரில் துளை போட்டு, பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, இரண்டையும் கோத்துச் சுவிட்சைத் தட்டினான். இரு பக்கமும் ஒரே தேன்நிற வெளிச்சம் பரவியது. அலமேலு தன் பக்கம் போய்ப் பார்க்காமல் இங்கேயே நின்றாள்.

"ஆவுடை, ஒனக்கு என்ன கலர் கண்ணாடி புடிக்கும்னு கேட்டு ஒன் வீட்டுக்காரரு எனக்குத்தான் காயிதம் போட்டாரு," என்றாள். "ஒனக்குத் தெரியாம வாங்கணும்னு."

"அப்படியாக்கா?" என்றாள் ஆவுடையாள். மூன்று வருஷத்தில் அலமேலுவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. பிறகு இருவரும் அழுதார்கள்.

கல்யாணமாகி மதுரைக்குப் போன பிறகும், பொழுது சாயும் நேரத்தில் நாச்சம்மைக்கு அந்த வெளிச்சம் நினைவுக்கு வரும். ஒருவர் விளக்கை அணைத்தால் மற்றவர் விளக்கும் அணைந்துவிடும் என்பதால், "அணைக்கவாக்கா?" என்று சுவரோடு ஒரு குரல் கேட்கும். "இருடி, வெத்தலை மடிச்சிக்கிட்டிருக்கேன்" என்று பதில் வரும்.

அறுபத்தாறில் ஆத்தாவிடமிருந்து கடிதம் வந்தது. 'ரெண்டும் அணைஞ்சுபோச்சு. எதுல கோளாறுன்னு தெரியல. அக்கா தன்னோடதுலதாங்குறா, நான் என்னோடதுலதாங்குறேன். நீ வந்து பாரு.'

நாச்சம்மை படித்துவிட்டுச் சிரித்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பினாள்.